எல்பிஏவும் அவர்தான், எக்ஸிக்யூட்டரும் அவர்தான்: கணக்கை யாரிடம் கேட்பது?

#1 பூங்கொடி_செங்காங்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, அவர் பெயரில் மட்டும். 2018-ல் எல்பிஏ (தனக்கு முடிவெடுக்கும் திறன் போனால் தன் காரியங்களைப் பார்க்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம்) எழுதி, பெரியப்பா மகனை (எனக்கு அண்ணன் முறை) டோனீயாக, அதாவது அந்தப் பொறுப்பை ஏற்பவராகப் போட்டார். அதே சமயத்தில் எழுதிய உயிலிலும் அவர்தான் எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்). சொத்து அத்தையின் அண்ணன்மார் பிள்ளைகள் ஆறு பேருக்கும் சமமாக. அண்ணனும் அந்த ஆறில் ஒருவர். அப்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. அத்தையின் மருந்துச் சீட்டிலிருந்து தண்ணீர் பில் வரை பார்த்தவர் அவர்தான், அதை மறுக்க முடியாது.

2020 கடைசியில் மறதி நோய் என்று டாக்டர் உறுதி செய்தார். முதலில் வீட்டிலேயே பணிப்பெண், பிறகு தாதிமை இல்லம். 2024 தொடக்கத்தில் அத்தை தவறிவிட்டார்.

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் "வேலை நடக்கிறது". கிராண்ட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி) வந்துவிட்டது என்பதே இன்னொரு தங்கை வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பங்கு எப்போது என்றால், "எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரி) இன்னும் முடியவில்லை". போன மாதம் ஒரு காதணி விழாவில் எல்லாரும் கூடியபோது நான் மறுபடி கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு ஏ4 தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது அப்படியே:

தொடக்க இருப்பு 240,000
மருத்துவம் 38,200
தாதிமை இல்லம் 71,500
பணிப்பெண் 19,800
இறுதிச் சடங்கு 9,600
இதர 64,000
மீதி 36,900

அவ்வளவுதான். தேதி இல்லை, ரசீது இல்லை, கையெழுத்தும் இல்லை. "இதர என்றால் என்ன அண்ணே?" என்றேன். "உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டார். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

நான் கேட்பது இதுதான்: இந்தத் தாளுக்கு மேல் கேட்க எனக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எங்கே போய்க் கேட்பது?

#2 தேக்கா_முத்து

64,000 வெள்ளிக்கு "இதர"வா! தங்கச்சி, நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். யாங் யின் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? சீனாவிலிருந்து வந்த அந்தச் சுற்றுலா வழிகாட்டி, வயதான விதவைக்குப் பேரன் மாதிரி என்று சொல்லிக்கொண்டு எல்பிஏவையும் வாங்கிக்கொண்டு, 1.1 மில்லியன் வெள்ளியையும் சுருட்டினானே. கடைசியில் உள்ளேதான் போனான். உறவுக்காரர் என்றால் சட்டம் வேறா?

#3 பழைய_கவுண்டர்

வங்கிக் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லாரும் "இதர"வைப் பார்க்கிறீர்கள். எனக்கு அந்தத் தாளில் இல்லாததுதான் கண்ணில் பட்டது. வரவு எங்கே?

தொடக்க இருப்பு 240,000, அப்புறம் எல்லாம் செலவு. மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு காசு உள்ளே வரவில்லையா? அத்தை ஆசிரியை என்கிறீர்கள். மாதாமாதம் மசேநி (மத்திய சேம நிதி) கணக்கிலிருந்து பணம் வந்திருக்குமே. வைப்புத் தொகைக்கு வட்டி? அவர் தாதிமை இல்லத்துக்குப் போன பிறகு அங் மோ கியோ வீடு சும்மா பூட்டிக் கிடந்ததா, வாடகைக்கு விட்டார்களா?

இன்னொன்று. அந்தக் கணக்கு அத்தை பெயரில் மட்டுமா, அண்ணன் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கா? இரண்டுக்கும் கதை முழுக்க வேறு.

#4 பூங்கொடி_செங்காங்

பழைய_கவுண்டர் அண்ணே, இதைப் படித்ததும் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி, வரவு என்று ஒரு வரிகூட இல்லை.

வீட்டை வாடகைக்கு விட்டார்கள். ஒரு குடும்பம் இருந்தது, எனக்கே தெரியும், தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போய் அவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை எவ்வளவு, எந்தக் கணக்கில் போனது என்று தெரியாது.

கணக்குகள் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று அத்தை பெயரில் மட்டும். இன்னொன்றில் 2019-லேயே அண்ணன் பெயரைச் சேர்த்தார்கள், அத்தைக்கு முட்டிவலி, ஏடிஎம் வரை நடக்க முடியவில்லை என்பதற்காக.

#5 கோப்பு_அறை

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் புரோபேட் (உயிலை நீதிமன்றத்தில் உறுதிசெய்வது) கோப்புகளைப் பார்க்கும் குமாஸ்தா நான். வழக்கறிஞர் இல்லை. இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், வழக்கறிஞரிடம் போகும்முன் தெரிந்துவைத்துக்கொள்ள எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் கொடுத்த தாளில் இரண்டு வேறு மனிதர்களின் கணக்கு கலந்திருக்கிறது. ஆள் ஒருவர்தான், ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டு பொறுப்பு. அத்தை உயிரோடு இருந்தவரை அவர் டோனீ. அத்தை மூச்சு நின்ற அந்த நிமிடத்தோடு எல்பிஏ முடிந்தது, அதற்குப் பிறகு அதைக் காட்டி ஒரு வெள்ளிகூட எடுக்க முடியாது. அங்கிருந்து அவர் எக்ஸிக்யூட்டர். இறுதிச் சடங்கு 9,600 எக்ஸிக்யூட்டர் கணக்கில் வரவேண்டியது. மருத்துவம், இல்லம், பணிப்பெண் மூன்றும் டோனீ கணக்கு. "இதர" எந்தப் பக்கம்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எக்ஸிக்யூட்டர் பக்கம் உங்களுக்குச் சுலபம். நீங்கள் உயிலில் பெயர் உள்ள பயனாளி. எஸ்டேட்டில் என்ன இருந்தது, என்ன வந்தது, என்ன போனது, என்ன மீதி என்று கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. கிராண்ட் வாங்கும்போதே, கேட்டால் உண்மையான கணக்குக் காட்டுவேன் என்று சத்தியம் செய்துதான் வாங்குகிறார்கள். தரமாட்டேன் என்றால் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

டோனீ பக்கம்தான் முடிச்சு. டோனீ கணக்குக் காட்ட வேண்டியது அத்தைக்கு. அத்தை போன பிறகு அந்தக் கேள்வி கேட்கும் உரிமை அத்தையின் எஸ்டேட்டுக்குப் போகிறது. எஸ்டேட் சார்பில் கேட்க வேண்டியவர் யார்? எக்ஸிக்யூட்டர். அதாவது உங்கள் அண்ணன், உங்கள் அண்ணனைப் பார்த்து, "மூன்று வருஷம் அத்தை பணத்தை என்ன செய்தாய்?" என்று கேட்க வேண்டும். கேட்பாரா?

வாரத்துக்கு ஒரு குடும்பமாவது இந்த முடிச்சோடுதான் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. நம்பகமான ஒரே பிள்ளையை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் கேட்பதற்கு ஒரு ஆள் மிச்சம் இல்லாமல் போய்விடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. எக்ஸிக்யூட்டர் தன் மேலேயே வழக்குப் போட மாட்டார் என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். சிறப்புச் சூழ்நிலை இருந்தால் பயனாளியே எஸ்டேட்டுக்காக வழக்கு நடத்தலாம் என்று இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் பல வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. இல்லையென்றால் போதிய காரணம் காட்டி அவருடைய கிராண்டை ரத்து செய்து வேறொருவரை நியமிக்கக் கேட்கலாம். புதிதாக வருபவர் பழைய டோனீயிடம் கணக்குக் கேட்பார். இரண்டும் செலவு பிடிக்கும் வழி, சும்மா மிரட்டுவதற்கு இழுக்காதீர்கள்.

அப்புறம் அந்த "எஸ்டேட் வரி". 15 பிப்ரவரி 2008 அன்றும் அதற்குப் பிறகும் இறந்தவர்களுக்கு சிங்கப்பூரில் எஸ்டேட் வரியே கிடையாது. அத்தைக்குக் கடைசி வருமான வரிக் கணக்கு முடிக்க வேண்டியிருக்கலாம், வாடகை வந்திருந்தால் அது நிச்சயம் அதில் வரும். அதைத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள். வாடகையை வரிக்குக் காட்டியிருக்கிறார், உங்களுக்குக் காட்டவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

#6 தேக்கா_முத்து

குமாஸ்தா ஐயா, இவ்வளவு சுற்ற வேண்டுமா? போலீஸ் புகார் என்று நான் சொன்னதில் என்ன தப்பு?

#7 கோப்பு_அறை

தப்பு என்று சொல்லவில்லை. நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடினால் அது நம்பிக்கை மோசடி, குற்றம்தான், உறவு என்பதால் மன்னிப்பு இல்லை. ஆனால் இப்போது பூங்கொடி கையில் இருப்பது ஒரு ஏ4 தாள். பணம் எங்கே போனது என்று காட்டும் ஏடு எதுவும் இல்லாமல் போனால், "குடும்பத் தகராறு, வழக்கறிஞரைப் பாருங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கணக்கு வெளியே வந்து, அதில் அவர் சொந்தக் கார் தவணை மாதிரி ஏதாவது இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

யாங் யின் வழக்கை எடுத்தீர்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே அவருடைய சகோதரி மகள் நீதிமன்றத்துக்குப் போனார். 2012-ல் பதிவான எல்பிஏ 2014-ல் ரத்தானது. தண்டனை 2016-ல், முதலில் 6 ஆண்டு, அரசுத் தரப்பு மேல்முறையீட்டில் 2017-ல் 9 ஆண்டு. ஆள் உயிரோடு இருக்கும்போது பொதுக் காப்பாளர் அலுவலகம் என்று ஒரு இடம் இருக்கிறது. டோனீ மேல் புகார் வந்தால் அவர்கள் விசாரிக்கலாம், ஏடுகளைக் கேட்கலாம், ஆளை அனுப்பி நேரில் பார்க்கச் சொல்லலாம். நீதிமன்றமும் டோனீயைக் கணக்குத் தரச் சொல்லலாம், எல்பிஏவையே ரத்து செய்யலாம். அத்தை போன பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அம்மாவோ அப்பாவோ இப்போது அந்த நிலையில் இருந்தால், சந்தேகத்தை இறுதிச் சடங்கு வரைக்கும் வளர்க்காதீர்கள்.

#8 அம்மா_பிள்ளை

எல்லாரும் அந்த அண்ணனைத் தூக்கில் போடும்முன் ஒரு டோனீ பேசிக்கொள்ளட்டுமா?

என் அம்மாவுக்கு நான் டோனீ. ஐந்து வருஷமாக என்னோடுதான் இருக்கிறார். என் தம்பி ஆஸ்திரேலியாவில், தங்கை லண்டனில். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "உங்க அப்பா இன்னும் வீட்டுக்கு வரலையே" என்று கதவைத் திறக்கப் போகும் அம்மாவைப் பிடித்து உட்கார வைப்பவன் நான். அவர்கள் வீடியோ காலில், "அண்ணே, அம்மா மெலிஞ்சிட்டாங்களே" என்பார்கள். பெரிய டயப்பர், சத்துப்பால், டாக்ஸி, வீட்டுக்கு வந்து முடி வெட்டுகிறவர், படுக்கைப் புண்ணுக்கு மருந்து, கட்டிலைச் சுற்றி வைக்கும் கம்பி. எதற்கெல்லாம் ரசீது வைப்பது? காப்பிக்கடையில் அம்மாவுக்கு இட்லி வாங்கினால் பில் தருகிறார்களா?

மாதத்துக்கு இதுபோல் 1,500 என்று வைத்தாலும் மூன்று வருஷத்தில் 54,000 வந்துவிடும். "இதர 64,000" என்பது மோசடியாக இருக்கலாம், வெறும் களைப்பாகவும் இருக்கலாம். அந்த ஆறு பேரில் மாதம் ஒரு தடவையாவது இல்லத்துக்குப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர் என்று பூங்கொடி சொல்லட்டும்.

#9 பூங்கொடி_செங்காங்

நியாயமான கேள்வி. நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போவேன். மற்றவர்களைப் பற்றி நான் பேச மாட்டேன். அண்ணன் அலைந்ததை முதல் பதிவிலேயே சொன்னேன். அலைந்ததற்கு இவ்வளவு எடுத்துக்கொண்டேன் என்று அவர் நேரடியாகச் சொல்லியிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன். டயப்பரும் சத்துப்பாலும் இல்லத்துக் கட்டணத்திலேயே சேர்ந்திருந்தன, அந்த பில்களை நான் பார்த்திருக்கிறேன்.

#10 ஜூரோங்_ஜெயந்தி

அம்மா_பிள்ளை அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்களே இப்போதிலிருந்து எழுதி வையுங்கள், உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன். நான் என் மாமாவுக்கு டெபுட்டி. மாமா எல்பிஏ எழுதவில்லை, அதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது, நீதிமன்றம் போய்த்தான் என்னை நியமித்தார்கள். டெபுட்டி என்றால் ஆண்டுதோறும் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், என்ன வந்தது, எதற்குப் போனது என்று. முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. இப்போது என் அத்தை மகள்கள் ஏதாவது முணுமுணுத்தால் போன வருஷத்து அறிக்கையை எடுத்து நீட்டிவிடுவேன். அத்தோடு வாய் அடைத்துப்போகும்.

எல்பிஏ டோனீக்கு அந்த ஆண்டு அறிக்கை கிடையாது. யாராவது புகார் கொடுத்தால்தான் கேள்வி. ஆனால் அறிக்கை கேட்கவில்லை என்பதால் கணக்கே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எல்பிஏ கொடுத்தவர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும், வரவு செலவு எழுதி வைக்க வேண்டும் என்று டோனீக்களுக்கான நடைமுறை விதிகளிலேயே இருக்கிறது. இட்லிக்கு ரசீது யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் "3 தேதி, டாக்ஸி, 14 வெள்ளி, கண் டாக்டர்" என்று எழுதினால் போதும். நான் அதைத்தான் செய்கிறேன், மாமாவின் மருந்துப் பெட்டிக்குள்ளேயே அந்த நோட்டு இருக்கிறது.

கைக்காசு போட்டிருந்தால் நியாயமான செலவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எல்பிஏவில் எழுதாமல் சம்பளம் மாதிரி எடுக்க முடியாது. அத்தை பணத்தில் ஊருக்குப் பரிசு கொடுக்கவும் முடியாது, எல்பிஏவில் அதற்கு இடம் கொடுத்திருந்தால் ஒழிய.

#11 அம்மா_பிள்ளை

நோட்டு யோசனை நல்லது, ஜெயந்தி. நாளையிலிருந்து. ஆனால் "சம்பளம் எடுக்க முடியாது" என்பதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஒன்றும் இல்லை, கடைசியில் பங்கு மட்டும் சமம்.

#12 கோப்பு_அறை

அந்த வருத்தம் நியாயம். அதைத் தீர்க்கும் இடம் உயில். பெற்றவர்கள் தெளிவாக இருக்கும்போதே, பார்த்துக்கொள்கிற பிள்ளைக்குக் கூடுதலாக எழுதி வைக்கலாம், எல்லாருக்கும் தெரிந்தே. டோனீ தானே முடிவு செய்து கூடுதலாக எடுத்துக்கொள்வது வேறு விஷயம். எக்ஸிக்யூட்டர் வேலைக்கு வேண்டுமானால் நீதிமன்றம் பார்த்து 5 விழுக்காடு வரை கமிஷன் அனுமதிக்கலாம், அதற்கும் மனு உண்டு, தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

#13 பழைய_கவுண்டர்

கூட்டுக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் இறந்தால் மற்றவருக்கு என்று வங்கி பார்மில் இருக்கும், வங்கியும் அப்படியே கொடுத்துவிடும். வங்கியைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. குடும்பத்தைப் பொறுத்தவரை முடியவில்லை. அத்தை பணத்தை மட்டுமே போட்டு, நடக்க முடியாததால் ஒரு பெயரைச் சேர்த்தார் என்றால், அது அண்ணனுக்குக் கொடுத்த அன்பளிப்பா, வசதிக்காகச் சேர்த்ததா என்ற கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்பலாம். வசதிக்காக என்று தெரிந்தால் அந்தப் பணமும் எஸ்டேட்டுக்கு. முட்டிவலிக்காகச் சேர்த்தது என்று எழுதினீர்களே பூங்கொடி, அதை யார் யார் முன்னால் அத்தை சொன்னார், எப்போது சொன்னார் என்று இன்றே தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் உதவும்.

வங்கி ஏடுகளை நீங்கள் நேரே போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கிராண்ட் கையில் உள்ளவர் கேட்டால் கொடுப்பார்கள். அவரைக் கேட்க வைப்பதுதான் உங்கள் வேலை. தாமதிக்காதீர்கள், வங்கிகள் பழைய ஏடுகளைக் காலம் காலமாக வைத்திருப்பதில்லை.

#14 ஜமால்_பிடோக்

எங்கள் வீட்டில் கொஞ்சம் வேறு. முஸ்லிம்கள் என்பதால் யாருக்கு எவ்வளவு என்று ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். பங்கு எவ்வளவு என்பதில் சண்டை இல்லை, எல்லாம் ஃபராயிளில் (இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில்) எழுதியிருக்கிறது. சண்டை வந்தது எஸ்டேட்டைக் கையில் வைத்திருந்த பெரியப்பாவிடம். கிராண்ட் அவர் பெயரில்தானே. நாங்கள் பள்ளிவாசல் இமாமிடம் போய், அவர் முன்னால் பெரியப்பாவை உட்கார வைத்து, "ஹராம் ஹலால் பார்க்கிற மனுஷன் நீங்க, கணக்கைப் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டோம். காட்டினார். எல்லாக் குடும்பத்திலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் யார் சொன்னால் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள், வழக்கறிஞர் கடிதம் போகும்முன்.

#15 பூங்கொடி_செங்காங்

ஜமால் பாய், யோசனை நல்லது. அண்ணன் கேட்கிற ஒரே ஆள் எங்கள் சின்னத்தாத்தா. அவருக்கு 86 வயது, அவரை இதில் இழுக்க மனசு வரவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. நேற்று அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்: அங் மோ கியோ வீட்டை அவர் மகன் எடுத்துக்கொள்ளப் போகிறானாம், விலையும் போட்டிருக்கிறார், "சந்தை விலைக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் நம்ம வீட்டுப் பிள்ளைதானே". அந்தத் தொகையை ஆறாகப் பிரிப்பாராம். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள்.

#16 கோப்பு_அறை

இதற்கு இன்றே பதில் எழுதுங்கள், சண்டை போடாமல், குழுவிலேயே: "மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்த பிறகு பேசலாம், அதுவரை எனக்குச் சம்மதம் இல்லை." அவ்வளவு போதும். எழுதாமல் விட்டால் பிறகு சம்மதித்தாய் என்பார்கள்.

எக்ஸிக்யூட்டர் எஸ்டேட் சொத்தைத் தானே வாங்குவது, தனக்கு வேண்டியவர் பெயரில் வாங்குவது இரண்டையும் நீதிமன்றம் மிகக் கண்டிப்பாகப் பார்க்கும். விற்கிறவரும் அவரே, வாங்குகிறவர் பக்கமும் அவரே என்றால் விலை நியாயமா என்று யார் சொல்வது? எல்லாப் பயனாளிகளும் முழு விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்ற அனுமதி. மகனுக்கு வீவக விதிப்படி தகுதி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

வாடகைக்கு விட வீவக அனுமதி வாங்கியிருப்பார்கள், அதில் காலம் பதிவாகியிருக்கும். கடிதத்தில் அதையும் கேளுங்கள்.

முதல் கடிதத்தை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே எழுதலாம். மின்னஞ்சலில், மரியாதையாக, "அண்ணே" என்றே ஆரம்பியுங்கள். கேட்க வேண்டியவை: உயிலின் நகல், கிராண்டின் நகல், அதோடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சொத்துப் பட்டியல். இந்தப் பட்டியல் முக்கியம். அத்தை இறந்த அன்று எந்தக் கணக்கில் எவ்வளவு என்று அவரே சத்தியம் செய்து கொடுத்தது. 36,900 அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கொடுக்காவிட்டால் நீதிமன்றக் கோப்பைப் பார்க்க நீங்களே விண்ணப்பிக்கலாம். பிறகு இரண்டு கணக்கு, தனித்தனியாக: டாக்டர் சான்று கொடுத்த நாளிலிருந்து இறந்த நாள் வரை ஒன்று, இறந்த நாளிலிருந்து இன்று வரை ஒன்று. இரண்டுக்கும் வங்கி ஏடு. மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

டாக்டர் சான்று தேதியை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே டோனீ அதிகாரம் எல்பிஏ பதிவான நாளில் வருவதில்லை. கொடுத்தவருக்குத் தானாக முடிவெடுக்கும் திறன் போன பிறகுதான். 2018-க்கும் 2020-க்கும் நடுவில் பெரிய தொகை போயிருந்தால், அது அத்தையே கொடுத்ததா, எந்த அதிகாரத்தில் எடுத்தது என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

#17 நெறியாளர்

தேக்கா_முத்து பிறகு போட்ட வேறு இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். குடும்பத்தாரைச் சாதிப் பெயர் சொல்லி இழுக்க வேண்டாம். இழை திறந்தே இருக்கிறது.

#18 ஜூரோங்_ஜெயந்தி

பூங்கொடி, காசு கட்டி வழக்கறிஞரைப் பார்க்க யோசனையாக இருந்தால், இலவச சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யுங்கள், புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்துவது. கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், அதனால் தாளையும் தேதிகளையும் ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வருமானம் குறைவு என்றால் சட்ட உதவிப் பிரிவிலும் கேட்டுப் பார்க்கலாம். மற்ற ஐவரில் உங்களோடு எத்தனை பேர்? இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கடிதத்தின் எடையே வேறு, செலவும் பாதி.

#19 பூங்கொடி_செங்காங்

கொஞ்ச நாளாக வரவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு தங்கைகள் என்னோடு சேர்ந்தார்கள். கோப்பு_அறை சொன்ன மாதிரியே மின்னஞ்சல் போட்டோம். முதல் வாரம் பதிலே இல்லை, குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். பிறகு அண்ணி போன் செய்து என்னை ஒரு மணி நேரம் திட்டினார். அதற்குப் பிறகு, அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு கோப்பு வந்தது.

உள்ளே சொத்துப் பட்டியல், வங்கி ஏடுகள், ஒரு பிளாஸ்டிக் உறையில் ரசீதுகள். உண்மையைச் சொல்ல வேண்டும், நான் நினைத்ததைவிட அதிக ரசீதுகள் இருந்தன. பல் செட், சக்கர நாற்காலி, அத்தைக்கு அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு கைத்தறிப் புடவை. "இதர"வில் கிட்டத்தட்ட 22,000-க்குக் கணக்கு இருக்கிறது. வாடகை அண்ணன் மகனின் கணக்குக்குப் போயிருக்கிறது, முழுக் காலமும். மசேநி பணம் கூட்டுக் கணக்கில் வந்து, அடுத்த நாளே ரொக்கமாக வெளியே போயிருக்கிறது, மாதாமாதம்.

கூடவே ஒரு தாள். "இறுதிக் கணக்கை ஏற்றுக்கொள்கிறோம், இனி எக்ஸிக்யூட்டர் மீதும் டோனீ மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி, ஆறு பேர் கையெழுத்துக்கு இடம். கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே பங்கு என்கிறார். தங்கை ஒருத்திக்கு வீட்டுக் கடன் நெருக்கடி, போட்டுவிடலாமா என்கிறாள்.

#20 கோப்பு_அறை

போடாதீர்கள். அந்த ஒரு வரியில் "டோனீ" என்ற சொல்லைச் சேர்த்திருப்பதைப் பாருங்கள். எக்ஸிக்யூட்டர் பங்கு கொடுக்கும்போது ரசீது கேட்பது வழக்கம், அது சரி. எல்பிஏ காலத்தையும் சேர்த்து விடுவிக்கச் சொல்வது வேறு. வாடகையும் மசேநி பணமும் அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன.

தங்கைக்குப் பணம் அவசரம் என்றால் இடைக்காலப் பங்கு கேளுங்கள். பெற்றுக்கொண்ட தொகைக்கு மட்டும் ரசீது, வேறு எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். மகன் கணக்குக்குப் போன வாடகையை எஸ்டேட்டில் திருப்பிச் செலுத்தினால் மீதியைச் சமரசத்தில் பேசலாம் என்று நீங்களே முன்வையுங்கள். அண்ணன் வாங்கிய புடவைகளையும் சக்கர நாற்காலியையும் ஏற்றுக்கொள்கிறோம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், அது பேச்சைத் திறக்கும்.

இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் வேண்டும். நம்பிக்கை மீறல் வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு காலவரம்பு, மோசடி என்றால் அந்த வரம்பு இல்லை. எது எப்போதிலிருந்து எண்ணப்படும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வாடகை ஆரம்பித்த மாதத்தை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

#21 பூங்கொடி_செங்காங்

தங்கையிடம் பேசினேன், கையெழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள். இடைக்காலப் பங்கு கேட்டு எழுதிவிட்டோம். வழக்கறிஞர் சந்திப்பு வியாழக்கிழமை.

#22 அம்மா_பிள்ளை

மகன் கணக்குக்கு வாடகை என்றதும் நான் சொன்னதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். 22,000 ரசீதை வைத்திருந்த மனுஷன் என்பதையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.